பீச் நிறம் வந்த வழி

(இணையவழிச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சென்ற ஆண்டு லண்டனில் என் அக்கா மகளின் கலியாணம் நடந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே, பூ அலங்காரம் செய்பவர் ஒரு தாள் அனுப்பியிருந்தார். மணவறை, விருந்து மேசைகள், மாலைகள், தோழிமார் கையில் பிடிக்கும் செண்டு எல்லாம் ஒரே நிறவரிசையில் அமையவேண்டும் என்பது திட்டம். தாளில் நான்கு சிறு சதுரங்கள், அவற்றின் கீழே பெயர்கள்: பிளஷ், பீச், ஆப்ரிகாட், ஷாம்பெயின். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, இதுகளுக்குத் தமிழில என்ன பேர்? நாலும் எனக்கு ஒரே நிறமாத்தான் தெரியுது" என்றார்.

நான் இளஞ்சிவப்பு, சந்தனம், இளஞ்செம்மஞ்சள் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்க நினைத்தது அதுவல்ல என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. "எங்கட கலியாணத்துக்குள்ள இந்த நிறம் எப்ப வந்தது?" மகள் பொறுமையிழந்து, "அம்மா, இது கிளாசிக்" என்றாள்.

ஒன்றைக் கவனித்தேன். சண்டை போட்ட இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இது ஐரோப்பியர்களின் பழைய கலியாண நிறம் என்று இருவருமே நம்பினார்கள். ஒருவருக்கு அதனால் அது அந்நியம், மற்றவருக்கு அதனால் அது அழகு. அந்த நம்பிக்கை சரிதானா என்று தேடப்போய்த்தான் இன்றைய உரை உருவானது. சுருக்கமாகச் சொன்னால், 200 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எந்தச் சீமாட்டி கேட்டிருந்தாலும் இந்த நிறத்தில் ஒரு ரோஜாச்செண்டு கட்டிக் கொடுத்திருக்க முடியாது. அப்படி ஒரு ரோஜா ஐரோப்பாவில் இல்லை.

ஐரோப்பியக் கலியாணப் பூ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளை. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி ஆல்பர்ட்டை மணந்தபோது தலையில் கிரீடம் வைக்கவில்லை, ஆரஞ்சுப்பூ வளையம் சூடினார். அதன் பிறகு நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் வெள்ளை உடையையும் ஆரஞ்சுப்பூவையும் விரும்பினார்கள். குளிர்நாட்டில் ஆரஞ்சுப்பூ எளிதில் கிடைக்காது, ஆகவே மெழுகில் செய்து சூடினார்கள். அந்தப் பூவும் ஐரோப்பாவின் பூ அல்ல. ஆரஞ்சு ஆசிய மரம். 'ஆரஞ்சு' என்ற சொல்லை ஸ்பானியம், அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கித் தொடர்ந்தால் அது நம் நாரத்தங்காயின் உறவுச்சொல்லில் வந்து நிற்கும் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து.

அக்காலத்து ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்கள் பெரும்பாலும் வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு ஆகிய நிறங்களில் இருந்தன. மஞ்சள் ரோஜா என்று ஒரு காட்டினம் மேற்காசியாவிலிருந்து வந்திருந்தது. ஆனால் அது மற்ற ரோஜாக்களோடு எளிதில் கலக்காமல் தனியாகவே நின்றது. இங்கே கொஞ்சம் தாவரவியல் தேவைப்படுகிறது. ரோஜாவின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற சாயம். மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு. கேரட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துச் சாயம்தான். பீச் நிறம் தனியொரு சாயம் அல்ல, ஒரே இதழில் இரண்டும் மெலிதாகச் சேர்ந்திருந்தால்தான் கண்ணுக்கு அந்த இளஞ்சூடான நிறம் தெரியும். ஆக, இந்த நிறம் பிறக்க இரண்டு வம்சங்கள் கலக்கவேண்டியிருந்தது. ஒரு கலியாணம் நடக்கவேண்டியிருந்தது என்றே சொல்லலாம்.

முதல் சம்பந்தம் சீனாவிலிருந்து வந்தது. ரோஜா வரலாற்றில் நான்கு சீன ரோஜாக்களைத் தனியாகக் குறிப்பிடுவார்கள். 1792-இல் 'ஸ்லேட்டர்ஸ் கிரிம்சன்', 1793-இல் 'பார்சன்ஸ் பிங்க்', 1809-இல் 'ஹ்யூம்ஸ் பிளஷ்', 1824-இல் 'பார்க்ஸ் எல்லோ'. இவை காட்டில் கண்டெடுத்தவை அல்ல. சீனத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக வளர்த்துப் பண்படுத்தியவை. பெயர் மட்டும் வாங்கியவர்களுடையது. ஸ்லேட்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் வணிகத்தோடு தொடர்புடையவர். தேயிலை ஏற்றிவந்த கம்பெனிக் கப்பல்களில்தான் சீனத்துச் செடிகள் வந்தன. வழியில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்தில் தங்கி உயிர்பிழைத்து வந்தவையும் உண்டு. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை நெடுங்காலம் 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள். சீனத்தில் பிறந்து, வங்காளி என்று பெயர்வாங்கி, ஆங்கிலேயரின் பெயரோடு பதிவான பூக்கள். பாஸ்போர்ட்டில் ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் இடம்மாறிப்போன நம்மில் பலருக்கு இது புரியும்.

'பிளஷ்' என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். என் அக்காவுக்கு வந்த தாளின் முதல் சதுரம் அது. 1809-இலேயே ஒரு ரோஜாவின் பெயரில் அது இருக்கிறது. நெப்போலியனோடு இங்கிலாந்து போரில் இருந்த காலத்தில், நெப்போலியன் மணவிலக்குச் செய்த ஜோசஃபினின் மால்மெஸோன் தோட்டத்துக்கு இந்தச் செடி கடல் கடந்து போக இரு தரப்பும் வழிவிட்டன என்று ரோஜா வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள்.

கடைசியாக வந்த இரண்டும் தேயிலை மணம் கொண்டவை என்று சொல்லப்பட்டதால் 'டீ ரோஜா' என்ற வகை பிறந்தது. அவற்றிலிருந்துதான் பீச் நிறத்தின் முதல் சாயல் வருகிறது. 1839-இல் பிரான்சில் 'சஃப்ரானோ' என்ற ரோஜா வெளிவந்தது. குங்குமப்பூவை நினைவூட்டும் பெயர், ஆப்ரிகாட் கலந்த வெளிர்மஞ்சள் நிறம். விக்டோரியாவின் வெள்ளைக் கலியாணத்துக்குச் சரியாக முந்தைய ஆண்டு. 1853-இல் 'குளோர் து திஜோன்' வந்தது. ஆனால் டீ ரோஜாக்களில் பல குளிர் தாங்காது. பூவின் கனத்தைத் தாங்காமல் காம்பு வளைந்து தலைகுனியும். தோட்டத்தில் அது நாணம்போல அழகாக இருக்கும். செண்டில் கட்டினால் நிற்காது.

இரண்டாவது சம்பந்தத்துக்குக் காரணமானவர் லியோன் நகரத்து ஜோசஃப் பெர்னே-துஷே. துஷே அவருடைய மனைவியின் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தின் நாற்றுப்பண்ணைக்கு வேலைக்குச் சென்று, அந்த வீட்டுப் பெண்ணை மணந்து, அந்தப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1880-களிலிருந்து அவர் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார். 'பாரசீக மஞ்சள்' என்ற ரோஜாவின் மகரந்தத்தை எடுத்துத் தோட்ட ரோஜாக்களில் வைத்தார். பாரசீக மஞ்சளுக்கு நிறம் பிரமாதம், ஆனால் மணம் நல்லதல்ல. அந்த இனத்தின் லத்தீன் பெயரே துர்நாற்றத்தைக் குறிப்பது. அதைவிடப் பெரிய சிக்கல், அது ஏறக்குறைய மலடு. ஆயிரக்கணக்கான முயற்சிகளில் ஒருசில விதைகளே கிடைத்தன. அந்தச் சிலவற்றின் வழியில் 1900-இல் வெளிவந்தது 'சோலெய் தோர்', பொற்சூரியன். இன்று நாம் காணும் ஆழ்மஞ்சள், செம்மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை இதுதான். பீச், ஆப்ரிகாட் ரோஜாக்கள் பலவற்றுக்கும் இதில் பங்குண்டு.

இந்தச் சம்பந்தத்துக்குச் சீதனமும் உண்டு. பாரசீக மஞ்சள் தன் நிறத்தோடு தன் நோயையும் கொடுத்தது. வீட்டுத்தோட்டத்தில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு இலையில் விழும் கரும்புள்ளி நோய் தெரிந்திருக்கும். அது முன்பும் இருந்தது, ஆனால் இந்த வம்சம் கலந்தபின் தோட்ட ரோஜாக்கள் அதற்கு மேலும் எளிதாக இரையாயின.

பெர்னே-துஷேவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், க்ளோடியஸ், ஜார்ஜ். தொழிலை அவர்கள் தொடர்வார்கள் என்று இருந்தார். இருவரும் முதல் உலகப் போரில் மாண்டார்கள். 1920-இல் அவர் ஒரு மஞ்சள் ரோஜாவை வெளியிட்டார். பெயர், 'க்ளோடியஸ் பெர்னே நினைவு'. அடுத்த ஆண்டு இன்னொன்று, 'ஜார்ஜ் பெர்னே நினைவு'. 1928-இல் அவர் இறந்தார். தொழிலைத் தொடர்ந்தது வேறொருவர்.

கதை அங்கே முடியவில்லை. லியோனுக்கு அருகிலேயே ஃப்ரான்சிஸ் மெய்யான் என்ற இளைஞர் 1930-களில் ஒரு ரோஜாவை உருவாக்கினார். வெளிர்மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அதன் மொட்டுக்குச்சிகள் வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பிரான்சில் அதற்கு மெய்யானின் தாயின் பெயர், இத்தாலியில் 'மகிழ்ச்சி', ஜெர்மனியில் 'கடவுளின் மகிமை'. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29 அன்று 'அமைதி' என்று பெயரிட்டார்கள். அப்போது சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கக் கூடியிருந்த பிரதிநிதிகளுக்கு இந்தப் பூவைத்தான் கொடுத்தார்கள். மெய்யான் பதிவுசெய்த வம்சாவளியில் 'க்ளோடியஸ் பெர்னே நினைவு' இருக்கிறது. ஒரு போரில் இறந்த பிள்ளையின் பெயரைக்கொண்ட பூ, அடுத்த போரின் முடிவில் 'அமைதி' என்ற பூவுக்கு மூதாதை ஆனது. ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதினால் மிகை என்று நானே சொல்லியிருப்பேன்.

நிறம் வந்துவிட்டது. அதைக் கலியாண மண்டபம் முழுவதும் இசைவாகப் பரப்பும் ரசனை எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பங்கு கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு உண்டு. லண்டனின் கிழக்குப் பகுதியில் வேலைக்குச் செல்லும் இளம்பெண்களுக்கான பள்ளிக்குத் தலைமை ஏற்றிருந்தவர், நாற்பது வயதைக் கடந்தபின் பூக்கடை தொடங்கினார். வேலியோரக் கொடி, முட்டைக்கோசு வகை இலை, பழைய தோட்ட ரோஜா என எதையும் ஒதுக்காமல் சேர்த்து, பழைய டச்சு ஓவியங்களைப்போல நிறம் நிறத்தோடு கரையும்படி அமைத்தார். 1937-இல் முடிதுறந்த எட்டாம் எட்வர்ட், வாலிஸ் சிம்சனை மணந்தபோது பிரான்சுக்குச் சென்று பூ அலங்கரித்தவர் அவர். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவிலும் அவர் கைவண்ணம் இருந்தது. அவர் இறந்த மறு ஆண்டு, 1961-இல், டேவிட் ஆஸ்டின் என்பவர் தன் முதல் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார். பழைய ரோஜாவின் அடுக்கிதழும் மணமும், புதிய ரோஜாவின் நிறங்களும் ஒன்றாக வேண்டும் என்பது ஆஸ்டினின் வாழ்நாள் வேலை. 2006-இல் செல்சி மலர்க்கண்காட்சியில் அவர் நிறுவனம் 'ஜூலியட்' ரோஜாவைக் காட்டியது. இன்று 'பீச் கலியாணம்' என்றால் பலர் மனதில் தோன்றும் பூ அதுதான். இதைப் பற்றி, ஒரு பூ 30 லட்சம் பவுண்டு, உலகிலேயே விலை உயர்ந்த ரோஜா என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. அதை உருவாக்க ஆன 15 ஆண்டு உழைப்பின் செலவாகச் சொல்லப்பட்ட தொகை அது. பூவைச் சாதாரணமாகப் பூக்கடையில் வாங்கலாம்.

இன்று லண்டனில் விற்கும் ரோஜாக்களில் பெரும்பங்கு இங்கிலாந்தில் பூப்பவை அல்ல. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். பூமத்திய ரேகையின் வெயிலும் மலைக்குளிரும் சேரும் இடம், காம்பு நீளமாக வளரும். அங்கே வெட்டிக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏரியின் தண்ணீர் குறித்தும் அவர்களின் கூலி குறித்தும் பல ஆண்டுகளாக வாதங்கள் நடக்கின்றன. பூ விமானத்தில் ஏறி, நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலக்கூடம் வழியாகவோ நேராகவோ வருகிறது. இதே காரணங்களால் தமிழ்நாட்டில் ஓசூரும் ரோஜா ஏற்றுமதி செய்யும் ஊராக ஆனது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த உரையைக் கேட்பவர்கள் ஓசூர் ரோஜாவை வாங்கியிருக்கக்கூடும்.

அப்படியானால் அக்காவின் கேள்விக்கு என்ன பதில்? அகநானூற்றின் 86-ஆம் பாடலும் 136-ஆம் பாடலும் தமிழ்க் கலியாணங்களைக் காட்டுகின்றன. முதலாவதில் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். இரண்டாவதில் வாகை இலையும் அறுகும் வெண்ணூலில் கோத்துச் சூட்டப்படுகின்றன. ரோஜா எங்கும் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களிலும் இல்லை. 'ரோஜா' என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அக்கா தன் கலியாணத்தில் சூடிய ரோஜா மாலையும் ஒருகாலத்தில் வந்தேறியதுதான். ஆகவே 'எங்களுடையதா' என்று கேட்டால், இந்த நிறம் எங்களுடையதும் அல்ல, அவர்களுடையதும் அல்ல.

ஆனால் அக்காவிடம் இன்னொரு குறை இருந்தது. அதை என்னால் தள்ளமுடியவில்லை. கலியாணத்தன்று காலை, மாலையிலிருந்த பீச் ரோஜாவை மூக்கருகே கொண்டுபோனார். "மணமே இல்லையடா" என்றார். உண்மைதான். நீண்ட காம்பு, நெடுந்தூரப் பயணம், பல நாள் வாடாமை என்று தேர்ந்தெடுத்து வந்ததில் கொய்மலர் ரோஜாக்கள் பலவற்றில் மணம் கழிந்துபோனது. நிறம் சேர்ந்த கதையைச் சொன்ன நான், மணம் போன கதையையும் சொல்லவேண்டும். மாலைக்கு நடுவே அவர் பிடிவாதமாகச் சேர்க்கச்சொன்ன மல்லிகைதான் அன்று மணத்தது.

விருந்து முடிந்து மேசைகளை ஒதுக்கும்போது அவருக்கு லியோன் தோட்டக்காரரின் கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் போரில் போன ஒரு அண்ணன் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய எதுவும் எங்களிடம் இல்லை, ஒரு படம்கூட இல்லை. அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார், "அந்தப் பிள்ளையளின்ர பேர் வைச்ச பூ இப்பவும் இருக்கோ?"

"அதுகளின்ர வழிவந்த பூக்கள் இருக்கு" என்றேன்.

மேசையிலிருந்து இரண்டு ரோஜாக்களை எடுத்து ஈரத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் காம்பை நட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். கொய்மலர்க் காம்பு வேர்பிடிப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.