இரவல் போன புத்தகம்

புத்தகம் இரவல் கொடுப்பதில்லை என்று நான் பல தடவை சபதம் செய்திருக்கிறேன். சபதம் செய்த மறுநாளே யாராவது ஒரு சிநேகிதர் வந்து சேருவார். பேச்சு எங்கெங்கோ போகும். கடைசியில், "அதை நீங்கள் படித்ததில்லையா? அடடா, கட்டாயம் படிக்க வேண்டுமே!" என்று என் வாயே எனக்குச் சத்துருவாகிவிடும். அப்படிச் சொன்ன பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறக்காமல் இருக்க முடியுமா? புத்தகம் போய்விடும். போனது போனதுதான்.

ஒரு நாள் கோபம் தாங்காமல், யார் யாரிடம் என் புத்தகங்கள் தங்கிவிட்டன என்று பட்டியல் எழுத உட்கார்ந்தேன். 17 புத்தகங்கள் தேறின. ஒவ்வொன்றுக்கும் எதிரே கொண்டுபோனவர் பெயரையும் எழுதினேன். பட்டியல் முடியும் தறுவாயில், கீழ்த்தட்டின் மூலையில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர். அதற்கடுத்த புத்தகத்திலும் அப்படியே. மொத்தம் மூன்று. அவற்றில் ஒன்றை எனக்குக் கொடுத்த நண்பர் இறந்துபோய் நாலு வருஷம் ஆகிவிட்டது. "படித்துவிட்டுச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் படிக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அன்றிரவு நெடுநேரம் எனக்கு நினைவில் இருந்தவர், 500 வருஷங்களுக்கு மேலாகிறது காலமாகி, இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகரத்தவர் ஒருவர். நிக்கோலோ நிக்கோலி என்று பெயர். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கெல்லாம் அவரைக் குலதெய்வமாகச் சொல்லலாம்.

நிக்கோலி பணக்கார வீட்டுப் பிள்ளை. தகப்பனார் கம்பளி வியாபாரத்தில் சம்பாதித்து வைத்த பணத்தைப் பிள்ளை புத்தகத்தில் போட்டுத் தீர்த்தார். அச்சு யந்திரம் ஐரோப்பாவுக்கு வராத காலம் அது. ஒரு புத்தகம் வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து தோலிலோ காகிதத்திலோ கையால் பிரதி எடுக்க வேண்டும். கைப்பணம் கரைந்த பிறகும் நிக்கோலி நிறுத்தவில்லை. பெரிய லேவாதேவிக்காரரான கோஸிமோ தெ மெடிசி அவருக்குத் தம்முடைய பாங்கியில் தாராளமாகக் கடன் கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்தக் கடனும் புத்தகமாயிற்று.

இத்தனைக்கும் அவர் தாமே எழுதிப் பெயர் வாங்கிய நூல் ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார், நகல் எடுப்பார், படிக்கச் சொல்லுவார். அவருடைய வீட்டில் நடந்ததைப் பற்றி வெஸ்பாஸியானோ என்ற பிளாரன்ஸ் புத்தக வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். வாலிபர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்களாம். ஆளுக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "உட்கார்ந்து படி" என்பாராம். கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தைக் கீழே வைக்கச் சொல்லி, ஒவ்வொருவரும் என்ன படித்தார் என்று கேட்பாராம். அதிலிருந்து பேச்சு ஆரம்பித்துவிடும். அது பள்ளிக்கூடம் அல்ல, பரீட்சை கிடையாது. புத்தகப் பிரியர் ஒருவர் வீட்டில் நடந்த சம்பாஷணை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு சிநேகிதர் வாய்த்தார். அவர் பெயர் போஜ்ஜோ பிராச்சியோலினி. போப்பாண்டவர் காரியாலயத்தில் எழுத்து வேலை பார்த்தவர். அழகான கையெழுத்து உடையவர். ஒரே சமயத்தில் மூன்று பேர் போப்பாண்டவர் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய குழப்பத்தைத் தீர்க்க, 1414-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் ஒரு மகாசபை கூடிற்று. போஜ்ஜோவும் அங்கே போயிருந்தார். 1415-ல் அவருடைய எஜமானரின் பட்டத்தைச் சபை பறித்துவிட்டது. எஜமானருக்குப் பதவி போனால் குமாஸ்தாவுக்கு என்ன வேலை? வேலையில்லாத மனிதர் புத்தகம் தேடக் கிளம்பினார்.

1416-ல் இரண்டு சிநேகிதர்களுடன் சுமார் இருபது மைல் தூரத்திலிருந்த செயின்ட் கால் மடத்துக்குப் போனார். மரணதண்டனை விதிக்கப்பட்டவனைக்கூட அடைக்கத் தகாத இருட்டறையில், தூசியும் பூஞ்சையுமாகப் புத்தகங்கள் கிடந்தன என்று அவரே கடிதத்தில் வருத்தப்படுகிறார். அந்தக் குப்பையில்தான் பேச்சுக்கலையைப் பற்றிக் குவின்டிலியன் எழுதிய நூலின் முழுப் பிரதி கிடைத்தது. அதற்கு முன் இத்தாலியில் புழங்கியது அங்கங்கே சிதைந்துபோன பிரதிதான். போஜ்ஜோ உட்கார்ந்து தம் கையாலேயே அதை நகல் எடுத்தார். செய்தி கடிதத்தில் பறந்தது. பிளாரன்ஸிலிருந்து லியோனார்டோ புருனி என்ற அறிஞர், எப்படியாவது அனுப்பி வையும் என்று கெஞ்சிப் பதில் எழுதினார். யுத்தத்தில் ஜயித்த செய்தி வந்தால்கூட அந்தக் கூட்டம் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது.

அடுத்த வருஷம், 1417-ல், இன்னொரு புதையல் கிடைத்தது. உலகமே கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனது என்று கவிதையில் பாடிய லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவியின் நூல் அது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் இயற்றியது. 7,000 வரிகளுக்கு மேல் உள்ளது. போஜ்ஜோ ஆள் வைத்து நகல் எடுக்கச் செய்து, கிடைத்த பிரதியை நேரே நிக்கோலிக்கு அனுப்பிவிட்டார். தாம் சாவகாசமாகப் படிப்பதற்கு முன்பே சிநேகிதர் பார்க்க வேண்டும் என்ற ஆசை! புத்தகப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

நிக்கோலி வாங்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே இருந்தார்.

போஜ்ஜோ இங்கிலாந்துக்குப் போய்ச் சில வருஷம் இருந்து, தேடிய புத்தகம் அங்கே கிடைக்காமல் அலுத்து, ரோமாபுரிக்குத் திரும்பி வேலையில் அமர்ந்தார். லுக்ரீஷியஸ் மட்டும் திரும்பவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். நயமாகக் கேட்டார், கேலி செய்து கேட்டார், கோபித்துக்கொண்டு கேட்டார். பத்து வருஷங்களுக்கு மேலாகியும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. உங்களிடமும் என்னிடமும் இதே பல்லவி உண்டு; ஆனால் இவ்வளவு நீளமாக நாம் பாடியிருக்க மாட்டோம்.

ஒன்று கவனிக்க வேண்டும். இவ்வளவு மனஸ்தாபத்திலும் அவர்கள் சிநேகிதம் முறியவில்லை. போஜ்ஜோ நிக்கோலிக்கு எழுதிய கடிதங்களில் எண்பதுக்கு மேல் இன்றைக்கும் கிடைக்கின்றன. அந்தப் புத்தகம் எங்கே, இது கிடைத்ததா, நகலுக்குத் தோல் அனுப்பு, இதைப் படித்தாயா என்பதுதான் அவற்றில் பெரும்பாலும் விஷயம். புத்தகத்தைத் தராதவரிடம்தான் அடுத்த புத்தகத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. அவரைவிட்டால் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

நிக்கோலி சும்மாவும் இருக்கவில்லை. லுக்ரீஷியஸ் முழுவதையும் தம் கையால் ஒரு பிரதி எடுத்து வைத்தார். அதன் கதையைக் கேளுங்கள். மடத்தில் போஜ்ஜோ கண்ட மூலப் பிரதி பிற்காலத்தில் காணாமற் போய்விட்டது. ஆள் வைத்து எழுதி அனுப்பினாரே, அந்தப் பிரதியும் இன்று இல்லை. திருப்பித் தராத சிநேகிதர் எழுதி வைத்த பிரதி மட்டும் பிளாரன்ஸில் லாரன்ஷியன் நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டு பின்னால் அகப்பட்டு, இப்போது ஹாலந்தில் லைடன் சர்வகலாசாலையில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி படித்த லுக்ரீஷியஸ், போஜ்ஜோ கண்டு நிக்கோலி வைத்திருந்த லுக்ரீஷியஸ்தான். அந்த வம்சத்தில் பிறந்த பிரதிகள் ஐம்பதுக்கு மேல் உண்டு.

இவர்கள் பிரதி எடுத்த கையெழுத்துகளும் வீண் போகவில்லை. போஜ்ஜோவின் நிமிர்ந்த எழுத்துத்தான் பிற்காலத்து ரோமன் அச்செழுத்துக்கு மாதிரி. நிக்கோலியின் சாய்ந்த எழுத்து, சாய்வெழுத்து அச்சுக்கு முன்னோடி. சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் புத்தகம் எழுதிக் கொடுத்த கை இன்று உலகம் முழுவதும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

1437-ல் நிக்கோலி இறந்தார். கடன் நிறைய இருந்தது. அவரிடம் 800 புத்தகங்கள் இருந்தன என்றும், சாகும்போது அவற்றில் 200 இரவலில் வெளியே இருந்தன என்றும் வெஸ்பாஸியானோ சொல்கிறார். பார்த்தீர்களா? திருப்பித் தராதவர் என்று நாம் ஏசின மனிதர், நாலில் ஒரு பங்கைப் பிறர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மிச்சத்தை எல்லோரும் படிக்கும்படி செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். கோஸிமோ கடனைத் தீர்த்துவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார். சுமார் 400 புத்தகங்கள் ஸான் மார்க்கோ மடத்துக்குப் போயின. அங்கே 1444-ல் நூல்நிலையம் திறந்தது. படித்தவர்கள் யாரும் வந்து படிக்கலாம். போஜ்ஜோ தம் நண்பருக்காக இரங்கல் உரை எழுதினார்.

இதனால் இரவல் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று நான் நியாயம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். என்னுடைய 17 புத்தகங்களும் வந்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் நிக்கோலிக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் வாங்கியதைப் படித்தார், பிரதி எடுத்தார், நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசினார். நான் அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று நாளில் முடிந்தது. நடுவில் இரண்டு இடங்களில் நண்பர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒன்று ஏன் என்று புரிந்தது. மற்றொன்று புரியவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அவருடைய பிள்ளை இதே ஊரில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். "மாமா, அப்பா இதை எல்லோரிடமும் தேடிக்கொண்டிருந்தார்" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடு போட்ட பக்கத்தைப் பிரித்து அவனிடம் காட்டினேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்துப் பார்த்தோம்.