தி வெர்ஜின் சூசைட்ஸ்

தி வெர்ஜின் சூசைட்ஸ் அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப்ரி யூஜெனிடிஸின் முதல் நாவல், 1993இல் வெளிவந்தது. 1970களின் மிச்சிகன் புறநகர் ஒன்றில், கண்டிப்பான கத்தோலிக்கத் தாயின் காவலில் வளரும் லிஸ்பன் சகோதரிகள் ஐவரும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தற்கொலை செய்துகொள்வதை இது சொல்கிறது.

யூஜெனிடிஸ் 1960இல் டெட்ராய்ட்டில் பிறந்து, அதை ஒட்டிய கிராஸ் பாயின்ட்டில் வளர்ந்தவர். மோட்டார் தொழிலால் வாழ்ந்த டெட்ராய்ட், 1967 கலவரத்துக்குப் பின் வேகமாக நொடித்தது. அந்தச் சரிவு நாவலின் பின்புலத்தில் தொடர்ந்து ஓடுகிறது. டச்சு எல்ம் நோய் தாக்கிய தெருமரங்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படுகின்றன. தங்கள் வீட்டு வாசல் மரத்தை வெட்ட ஆட்கள் வரும்போது சகோதரிகள் அதைச் சுற்றி நின்று தடுக்கிறார்கள். இறந்துபோன கடைக்குட்டி செசீலியா நேசித்த மரம் அது.

நாவலின் முதல் அத்தியாயம் 1990இல் பாரிஸ் ரிவ்யூ இதழில் வெளியாகி, ஆகா கான் பரிசு பெற்றது. அந்த அத்தியாயத்திலேயே நூலின் தனித்தன்மை தெரிந்துவிடுகிறது: கதையைச் சொல்வது 'நாங்கள்' என்னும் கூட்டுக்குரல். எதிர்வீடுகளிலிருந்து சகோதரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் நடுவயதை எட்டிய பின்னும் நாட்குறிப்பு, புகைப்படங்கள் போன்றவற்றுக்கு எண்ணிட்டு, வழக்குச் சான்றுகளைப் போலப் பாதுகாக்கிறார்கள். ஐவரும் ஐந்து தனித்தனிப் பெண்கள் என்பதே லிஸ்பன் வீட்டில் நடந்த விருந்துக்குப் போனபோதுதான் பையன்களுக்கு உறைக்கிறது.

பள்ளி நடன விழாவிலிருந்து சகோதரிகளில் ஒருத்தியான லக்ஸ் குறித்த நேரத்தில் வீடு திரும்பாததால், தாய் எஞ்சியிருந்த நால்வரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார். பிறகு வெளியுலகத் தொடர்பு மெலிகிறது. தொலைபேசியில் சகோதரிகளும் பையன்களும் ஒருவருக்கொருவர் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் பகுதி நாவலிலேயே மிகவும் நெகிழ்ச்சியானது. பாடல்கள் பேசுகின்றன, ஆனால் பெண்களின் மனம் பையன்களுக்கு எட்டுவதில்லை. தாயின் கண்டிப்பு, செய்தியாளர்களின் ஊகங்கள், மருத்துவர்களின் விளக்கங்கள் எல்லாம் காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. எதையும் முடிந்த முடிவாக நாவல் ஏற்பதில்லை. நூலின் வலிமை இந்த நேர்மையில்தான் இருக்கிறது. பெண்களின் குரல் நேரடியாக ஒலிக்காமல், ஆண்களின் ஏக்கத்தினூடாகவே அவர்கள் தெரிகிறார்கள் என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆயினும் பார்ப்பவர்களின் அந்தக் குறைபாட்டையே நாவல் தன் பொருளாக எடுத்துக்கொள்கிறது.

சோஃபியா கோப்போலா தம் முதல் முழுநீளப் படமாக இதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1999இல் கான் விழாவில் திரையிடப்பட்ட அப்படத்தில் கிர்ஸ்டன் டன்ஸ்ட் லக்ஸாகவும், ஜேம்ஸ் வுட்ஸ், கேத்லீன் டர்னர் பெற்றோராகவும் நடித்தனர். பிரெஞ்சு இசைக்குழுவான ஏர் இசையமைத்தது. ஆண்குரலே கதை சொன்னாலும், கேமரா சகோதரிகளின் அறைக்குள் நெடுநேரம் தங்குகிறது. பையன்களால் பார்க்க முடியாத அலுப்பையும் நெருக்கத்தையும் காட்டுகிறது.