இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

தமிழ்த் தேர்வில் நாம் அனைவரும் சந்தித்த வினா இது. செய்யுளின் ஓரடியை மட்டும் தருவார்கள். அதனை யார் கூறினார், யாரிடம் கூறினார், எவ்வேளையில் கூறினார் என்று எழுதிய பின்னரே பொருள் எழுத வேண்டும். இடத்தினின்று பிரித்தெடுத்த சொல் பொருள் மாறிப் பேசும் என்பதே இவ்வினாவின் உட்கருத்து.

1972-இல் தைவான் நாட்டு இறையியலாளர் ஷோகி கோ ‘சூழமைவாக்கம்’ என்னும் கருத்தை இறையியல் உலகில் முன்வைத்தார். ஆயினும் இடஞ்சுட்டும் பணி நம் மண்ணில் அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, ஒரு சொல்லினால் விளைந்த இடரைக் கண்டார். திருமுழுக்குப் பெற வந்தோரிடம், ‘பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?’ என்று கேட்கும் வழக்கம் அன்றிருந்தது. கேட்டவர் கிறிஸ்தவத்தைக் கருதினார். கேட்கப்பட்டவரோ குலம் துறந்து அந்நியராவதாகவே பொருள் கொண்டார். நொபிலி அச்சொல்லை விலக்கினார், காவி உடுத்தினார், தமிழிலேயே மறையுரைத்தார்.

அவர்வழி மறை தழுவியோர் பூணூலும் குடுமியும் சந்தனமும் விடாதிருந்தது வழக்காயிற்று. ‘இவை பிற சமயச் சின்னங்கள்’ என்றனர் எதிர்த்தோர். ‘இவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டுவன, வழிபாட்டுக்குரியன அல்ல’ என்று நொபிலி வடமொழி நூல்களைச் சான்றுகாட்டி வாதிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய மன்றத்தில் பெரும்பாலோர் அவரை எதிர்த்தனர். எனினும் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31-இல் அவ்வழக்கங்களுக்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். அவ்வாண்டிலேயே நொபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். முள்ளுக்குறிச்சியைப் போலவே கொல்லிமலை அடிவாரத்தில் அமைந்த சேந்தமங்கலத்தை அடைந்தபோது, அதன் தலைவர் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார்.

நொபிலி வென்றார். ஆனால் தேர்வு வினாவின் இரண்டாம் பகுதி எஞ்சி நின்றது: ‘யாரிடம் கூறியது?’ பூணூல் அணிபவருக்கு அது குல அடையாளம். அதனை அணிய உரிமை மறுக்கப்பட்டவருக்கு அது என்ன கூறிற்று? ‘சமயச் சின்னமன்று, சமூகச் சின்னமே’ என்னும் விளக்கம் முன்னவரின் மனச்சான்றைக் காத்தது. பின்னவரின் காயத்தைத் தொடவில்லை. 1640 முதல் ஒடுக்கப்பட்டோரிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் எனத் தனிக் குருக்கள் தோன்றினர். அவர்களின் தொண்டு பெரிது. எனினும் சாதிச் சுவர் கோயிலுக்குள்ளும் நின்றது.

அன்பர்களே, அந்த 1623-ஆம் ஆண்டு ஆணையிலேயே மற்றொரு பகுதியும் உண்டு. உயர்குலத்தார் எளியோரை இகழலாகாது, சிறப்பாக இறைவார்த்தை கேட்கும், அருளடையாளங்கள் பெறும் ஆலயத்தில் இகழலாகாது என்று திருத்தந்தை அதில் மன்றாடுகிறார். இசைவை எடுத்துக்கொண்டு மன்றாட்டை விட்டுவிட்டது வரலாறு. அதுவும் ஓரடியை மட்டும் பிரித்துப் படித்ததன் விளைவே.

இடஞ்சுட்டுதல் என்பது வழக்கத்துக்கு நியாயம் கற்பிப்பதன்று. ஒரு சொல்லோ செயலோ தொடும் அனைவரையும், கடைசி வரிசையில் நிற்பவரையும், சுட்டிக்காட்டுவதே அது. அவரை விட்டு எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் இல்லை.