அந்தலுஸின் தோட்டங்களும் பருவங்களின் நாட்காட்டியும்

இஸ்லாமிய வரலாறு என்றதும் வெற்றிகொள்ளப்பட்ட நகரங்களும் ஆட்சி மாற்றங்களுமே நம் நினைவில் முந்திவருகின்றன. மண்ணைக் கையில் அள்ளி ஆராய்ந்து, இதில் எந்தச் செடி எந்த மாதத்தில் வேர்பிடிக்கும் என்று எழுதிவைத்த அறிஞர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தலுஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினில் அத்தகைய அறிஞர்களின் மரபு ஒன்று பல தலைமுறைகள் தழைத்திருந்தது. நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியின் கருத்தை அறிந்த நாம், அம்மரபையும் அறிந்திருத்தல் தகும்.

அப்பாஸியரின் வாளுக்குத் தப்பி அந்தலுஸ் வந்தடைந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான், 756ஆம் ஆண்டு குர்துபாவில் ஆட்சியை நிறுவினார். நகருக்கு வெளியே ஒரு தோட்டம் அமைத்து, சிரியாவில் தம் பாட்டனார் ஹிஷாமுக்கு இருந்த மாளிகையின் பெயரையே அதற்கும் சூட்டினார்: ருஸாஃபா. அங்கு வந்த சிரிய மாதுளையைக் குறித்து வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தி கூறுவர். ஸஃபர் என்பவர் அப்பழத்தின் விதைகளைப் பெற்றுச் சென்று, தம் நிலத்தில் முளைக்கவைத்துப் பேணி, அது காய்த்ததும் கனியோடு அரசரிடம் திரும்பினார். அவர் பெயராலேயே அவ்வினம் ‘ஸஃபரி’ மாதுளை என வழங்கலாயிற்று. தாயகத்தை இழந்தவர்கள் அதன் செடிகளைப் புதுமண்ணில் வளர்த்தெடுத்தனர்.

ஆனால் அயல்நாட்டுச் செடியை நட்டுவிட்டால் மட்டும் போதாது. மத்தியதரைக்கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். கரும்பு, நெல், கத்தரி, பருத்தி, நாரத்தை இனங்கள் ஆகியவையோ வெப்பத்தோடு ஈரமும் வேண்டுபவை; அவற்றுட் பல பருவமழை பெய்யும் நம் நாட்டுப் பகுதிகளில் வேரூன்றியவை. வெயிலும் நீரும் ஒருசேரக் கிடைக்காத நாட்டில் இவற்றை வளர்க்க வேண்டுமாயின், மழை தராத நீரை மனிதன்தான் கொணர வேண்டும். எனவே வாய்க்கால்களும், நீரிறைக்கும் சக்கரங்களும், தேக்கத் தொட்டிகளும் பெருகின. இப்பயிர்ப் பரவலை ஆண்ட்ரூ வாட்சன் என்ற ஆய்வாளர் 1983இல் ஒரு நூலாகவே எழுதினார். அவற்றுட் சில முன்னரே அங்கு அறியப்பட்டிருந்தன எனப் பின்வந்தோர் மறுத்துரைத்தாலும், அந்தலுஸில் பாசனத் தோட்டக்கலை அடைந்த உயர்வை யாரும் மறுக்கவில்லை.

இங்கு ஒரு வினா எழும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைந்தது. ரமளான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். அக்கணக்கை வைத்து விதைப்பது எங்ஙனம்? அந்தலுஸ் மக்கள் இதில் தடுமாறவில்லை. வழிபாட்டுக்குப் பிறையையும் பயிருக்குச் சூரியனையும் பின்பற்றினர். 961ஆம் ஆண்டைச் சார்ந்த ‘குர்துபா நாட்காட்டி’ இதற்குச் சான்று. அரீப் இப்னு ஸஅத் என்ற முஸ்லிம் அறிஞரோடும் ரபீஃ இப்னு ஸைத் என்ற கிறிஸ்தவ ஆயரோடும் இணைத்துக் கூறப்படும் இந்நூல், இரண்டாம் அல்ஹகமுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பட்டுப்புழு முட்டைகளைப் பெண்கள் பேணத் தொடங்கும் பிப்ரவரி, கரும்பு நடும் மார்ச், ரோஜாவிலிருந்து பன்னீர் வடிக்கும் ஏப்ரல் என மாதந்தோறும் செய்வன அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பெருநாளுக்குப் பிறை பார்த்துவிட்டு, விதைப்புக்கு ஆடிப்பட்டம் பார்க்கும் தமிழ் முஸ்லிம் உழவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

பதினோராம் நூற்றாண்டில் துலைதுலாவை (டோலிடோ) ஆண்ட அல்மஃமூனின் தோட்டம் ஓர் ஆய்வுக்கூடமாகவே விளங்கியது. மருத்துவர் இப்னு வாஃபிதும், அவரையடுத்து இப்னு பஸ்ஸாலும் அதனைப் பேணினர். ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு பஸ்ஸால் வழியில் சிசிலியையும் எகிப்தையும் கண்டு வந்தவர். முன்னோர் நூல்களை மேற்கோள் காட்டாமல், தம் கைகள் கண்ட அனுபவத்தையே அவர் நூலாக்கினார். மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். நீரையும் அவ்வாறே பகுத்தார்: மழைநீர் மென்மையான செடிகளுக்கு ஏற்றது, கோடையில் குளிர்ந்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும் கிணற்றுநீர் காய்கறிகளுக்கு ஏற்றது. மண், நீர், எரு, பருவம் ஒவ்வொன்றுக்கும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற தன்மைகள் உண்டு எனவும், ஒன்றில் மிகுந்ததை மற்றொன்றால் சமன்செய்தலே தோட்டக்காரரின் பணி எனவும் அக்கால அறிஞர்கள் கருதினர். 1085இல் துலைதுலா வீழ்ந்தபோது இப்னு பஸ்ஸால் இஷ்பீலியாவுக்கு (செவில்) வந்து, அல்முஃதமிதின் தோட்டத்தில் பணியைத் தொடர்ந்தார்.

அதே இஷ்பீலியாவில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், இப்னுல் அவ்வாம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற பெருநூலை எழுதினார். முன்னோர் கூற்றுகளைத் தொகுத்தளித்த அவர், நகரை அடுத்த குன்றுப் பகுதியில் தாமே நட்டுச் சோதித்தவற்றையும் உடன் சேர்த்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழமரங்களின் வளர்ப்பு அதில் விளக்கப்பட்டுள்ளது. ஒட்டுக்கட்டல், கவாத்து, எருவை மக்கவைத்தல், நோய்க்குப் பரிகாரம் என ஒவ்வொன்றும் உரிய பருவத்தோடு கூறப்பட்டுள்ளது.

1492இல் கர்னாத்தா (கிரனடா) வீழ்ந்தது. சில ஆண்டுகளில் கர்தினால் சிஸ்னெரோஸின் ஆணைப்படி அந்நகரில் அரபு நூல்கள் தீக்கிரையாயின. அதே சிஸ்னெரோஸ் உழவர்களுக்கென ஒரு வேளாண் நூல் எழுதப் பணித்தபோது, 1513இல் அதை ஸ்பானிய மொழியில் எழுதி வெளியிட்டவர் அலோன்ஸோ தெ எர்ரேரா. அந்நூலில் அவர் சான்று காட்டும் ஆசிரியர்களுள் ‘அபென்செனிஃப்’ என்றொருவர் வருகிறார். அவரை இப்னு வாஃபித் என்றே ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கின்றனர். எரித்தவர் ஆதரவில் வந்த நூலே எரிக்கப்பட்ட மொழியின் அறிவைச் சுமந்து நின்றது.

நூல்களுக்கு நேர்ந்தது பின்னர் மனிதருக்கும் நேர்ந்தது. மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். வலென்சியா தன் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை இழந்தது. பருவமறிந்து நீர் பாய்ச்சிய கைகள் போனபின் எத்தனையோ வயல்கள் பாழ்பட்டன.

எனினும் முற்றும் அழிந்துவிடவில்லை. ஸ்பானியர் இன்றும் வாய்க்காலை ‘அசேக்கியா’ என்கின்றனர். அது அரபின் ‘அஸ்ஸாகியா’. நீர்த்தொட்டி ‘அல்பெர்கா’, அது ‘அல்பிர்கா’. ஆரஞ்சு ‘நாரன்ஹா’, அரபு ‘நாரன்ஜ்’, பாரசீகம், சமஸ்கிருதம் எனப் பின்னோக்கிச் சென்றால், நம் நாரத்தையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல்லில் அது சென்று முடிவதாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாயிலில் கூடும் நீர் மன்றம், அந்தலுஸ் காலத்தில் வேர்கொண்டதாகக் கருதப்படுவது. உழவரே நடுவர்களாக அமர்ந்து பாசன வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கும் அம்மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

மாடித் தொட்டியில் ஒரு கத்தரி நாற்று நடுவோருக்கும் இவ்வரலாற்றில் படிப்பினை உண்டு. நம் மண் எத்தகையது, நம் நீர் எத்தகையது, இப்போது எந்தப் பருவம் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் செடியைத் தேர்ந்தெடுப்பதே அவ்வறிஞர்களின் முறை. கண்டறிந்ததை எழுதிவைப்பதும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அம்முறையின் பகுதிகளே. ஆட்சியும் நூலகமும் பறிபோன பின்னும் எஞ்சி நின்றது, கை மாற்றிக் கொடுக்கப்பட்ட அறிவுதான். பூமியை நமக்கு அமானிதமாக அளித்த அல்லாஹ், அதைப் பேணும் அறிவையும் நமக்கு அருள்வானாக.