குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே ஓட்டப் பயிற்சி

பாடசாலை மெய்வல்லுநர் போட்டியோடு ஓட்டம் முடிந்துவிட்டது என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், 72 வயதில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வயதைவிட, வீட்டு வேலைகளுக்கு நடுவே நேரம் எடுப்பதுதான் பலருக்குச் சிக்கல்.

எவ்வளவு நேரம் வேண்டும்?

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டம் இரண்டாவது வகை. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் 75 நிமிடம் ஆகிவிடும். தினமும் ஓடத் தேவையில்லை. இடையில் ஓய்வு நாள் இருப்பது முழங்காலுக்கும் நல்லது.

யாருடைய நேரம்?

வெயில் ஏறுமுன் ஓடுவதே நல்லது. ஆனால், சமையல், பிள்ளைகளின் வெளிக்கிடல் எல்லாம் அதே நேரத்தில்தான். ஒருவர் ஓடப் போனால் அவருடைய வேலை மற்றவர் தலையில் விழும். அதனால் முதலில் வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும் கணவர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவார், நான் ஓடுவேன். திங்களும் புதனும் அவர் ஓடுவார், அடுப்படி என்னுடையது. என் மூன்றாவது ஓட்டம் ஞாயிறு மாலை.

தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு இப்படி மாறி நிற்க ஆளில்லை. பிள்ளைகள் மைதானத்தில் விளையாடும்போது அதே மைதானத்தைச் சுற்றி ஓடலாம். அயலில் இன்னொரு தாயும் சேர்ந்தால், ஒருவர் ஓட மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது?

ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என எட்டுத் தடவை செய்யுங்கள். மொத்தம் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் கூட. பழகப் பழக நடையைக் குறைக்கலாம்.

போர் விட்டுச் சென்றவை

உடலில் செல் துண்டு இருப்பவர்கள், பழைய எலும்பு முறிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். நடப்பதற்கெனச் செய்த செயற்கைக்கால் ஓட்டத்தின் அதிர்வுக்கு ஏற்றதாக இருக்காது; அதைப் பொருத்தியவர்களிடம் கேட்காமல் ஓடவேண்டாம். வன்னியில் புதிய காட்டுப்பாதைகளைத் தவிர்த்து, ஆட்கள் புழங்கும் வீதியிலேயே ஓடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. எங்களில் பலர் கடைசியாக ஓடியது 2009இல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. மூச்சு வாங்கி நெஞ்சு அடிக்கும்போது அந்த நாள் திரும்பி வரலாம். அது பலவீனமல்ல. நடைக்கு மாறுங்கள், துணையோடு போங்கள். தொடர்ந்து தொந்தரவு செய்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதையுங்கள்.

விடுபட்டால்?

பிள்ளைக்குக் காய்ச்சல், இரவு நித்திரையில்லை என்றால் அன்றைய ஓட்டத்தை விடுங்கள். அதை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம். ஒரு கிழமை விடுபட்டாலும் பழகிய உடல் பெரிதாக எதையும் இழக்காது. அடுத்த முறைக்குரிய நாளில் மறுபடி தொடங்கினால் போதும்.