நாலாவது இடமும் ஒரு கேப்டனும்



மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள், கல்லூரி நாட்களைப் பற்றி இருந்தால் நல்லது என்று சங்கத்தில் கேட்டார்கள். கல்லூரி நாட்கள் என்றால் எனக்கு வகுப்பறை ஞாபகம் வருவதில்லை. மைதானம்தான் வருகிறது. ஆகவே கால்பந்து பற்றியே எழுதிவிடுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் சாக்கோட்டைக்காரன். கும்பகோணம் பக்கத்துச் சாக்கோட்டை இல்லை, நம்ம ஊர்ச் சாக்கோட்டை. தினமும் சைக்கிள் மிதித்துத்தான் காரைக்குடிக்குப் படிக்க வந்தேன். கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் எங்களுக்கு மைதானம். வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் வெறுங்காலோடு ஆடுவோம். பந்துக்குள் இருக்கும் ப்ளாடர் வாரம் ஒரு தடவை பஞ்சராகும். சைக்கிள் கடை அண்ணன் காசு வாங்காமல் ஒட்டிக் கொடுப்பார். கல்லூரி அணியில் சேர்ந்த பிறகுதான் பூட்ஸ் கண்டேன். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடியபோது கால் என்னுடையது மாதிரியே இல்லை. நான் தடுமாறுவதைப் பார்த்த பி.டி. சார் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கவலைப்படாதடா. லண்டன்ல பிரான்ஸ்காரனோட நம்ம ஆளுங்க வெறுங்காலோடதான் ஆடுனாங்க. ரெண்டு பெனால்ட்டி கிடைச்சுது. ரெண்டையும் விட்டுட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். மீதியை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அது 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, ஜூலை 31ஆம் தேதி. நம் அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸ் முதல் கோல் போட்டது. நமக்குப் பதில் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. தவறவிட்ட பெனால்ட்டிகளில் ஒன்று சைலன் மன்னா அடித்தது, இன்னொன்று மகாவீர் பிரசாத் அடித்தது. இரண்டில் ஒன்று போயிருந்தால்கூட ஆட்டம் சமன்.

அடுத்தது 1950. பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு நமக்கு இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவு. நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்காததால்தான் போகவில்லை என்று இன்றைக்கும் டீக்கடை வரைக்கும் பேச்சு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசிலே முன்வந்தும், நம் சங்கத்துக்கு அன்றைக்கு ஒலிம்பிக்தான் பெரிசாகத் தெரிந்தது, உலகக் கோப்பை தெரியவில்லை. அதுதான் விஷயம். வராத வாய்ப்பை விட்டால் விதி எனலாம். வீட்டு வாசலுக்கு வந்ததை விட்டால் அதற்கு வேறு பெயர். பூட்ஸ் மேல் பழியைப் போடுவது நமக்குச் சௌகரியமாக இருந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

இனி வருவதுதான் பி.டி. சாருக்குப் பிடித்த பகுதி. 1956 மெல்போர்ன். பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம், கேப்டன் சமர் பானர்ஜி. ஹங்கேரி வராததால் முதல் சுற்றில் ஆடாமலே மேலே போனோம். அடுத்தது ஆஸ்திரேலியா, அவர்கள் சொந்த மண்ணில். நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். 4-2 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் எதிரே அதே யுகோஸ்லாவியா. இடைவேளைக்குப் பிறகு நெவில்தான் முதல் கோல் போட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் பத்து கோல் போட்டவர்களை எதிர்த்து நாம் 1-0 என்று முன்னால் நின்றோம்! எத்தனை நிமிஷம் அப்படி நின்றோம் என்றால், அது விரல்விட்டு எண்ணுகிற சமாச்சாரம். அப்புறம் அவர்கள் நாலு போட்டார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நாலாவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் தொட்ட உச்சம் அதுதான்.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்ஸை எதிர்த்துக் கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னால் நின்று, கடைசி பத்து நிமிடத்துக்குள் சமன் ஆகிவிட்டது. பெருவிடம் 3-1. அந்த ஒரு கோல் சைமன் சுந்தர்ராஜ் போட்டது. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. ஆக ஒலிம்பிக்கில் நாம் கடைசியாகப் போட்ட கோல் சுந்தர்ராஜுடையது. சாரங்கபாணி ராமனில் தொடங்கிய கணக்கு சைமன் சுந்தர்ராஜில் நிற்கிறது.

நடுவில் பெரிய வெற்றியும் உண்டு, அதை விட்டால் பாவம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்ற அணி இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தது. கூட்டம் ஒரு லட்சம் என்பார்கள். அரசியல் சண்டையால் அத்தனை பேரும் நமக்கு எதிராகக் கத்தினார்கள். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் வளர்ந்த ராணுவக்காரர். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல், பி.கே. ஒரு கோல். வரிக்கு வெளியே நின்ற ரஹீம் சாஹிப்புக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூனில் இறந்துபோனார்.

1970இல் பாங்காக்கில் வெண்கலம். பிறகு நீண்ட இறக்கம். அதை விவரித்து உங்கள் விருந்தைக் கெடுக்க விரும்பவில்லை. இரண்டு மட்டும். 1986 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இந்தோனேசியாவுக்கு அடுத்து இரண்டாவது. 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பெங்களூரில் ஜெயித்தும், முடிவில் அவர்களை விட ஒரே ஒரு புள்ளி குறைவு.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த ஆளுக்கு வருகிறேன்.

வி.பி. சத்யன். கண்ணூர் மாவட்டத்தில் சொக்லி பக்கம் மேக்குன்னு என்ற ஊரில் 1965இல் பிறந்தவர். தடுப்பு ஆட்டக்காரர். கோல் போடுகிறவன் பெயரைத்தான் ஊர் சொல்லும், தடுக்கிறவன் பெயரை யாரும் சொல்வதில்லை. நானும் கல்லூரியில் பேக் ஆடியவன், அந்த வருத்தம் எனக்குத் தெரியும். ஆனால் சத்யன் தூரத்திலிருந்து கோலும் போடுவார். 1986இல் கோலாலம்பூர் மெர்டேக்கா போட்டியில் தென்கொரியாவை 4-3 என்று ஜெயித்தோமே, அதில் அவர் வெளியிலிருந்து அடித்த கோலைக் கேரளத்தில் இன்றும் பேசுகிறார்கள். கோலாலம்பூர் என்றால் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவருக்காவது பழக்கமான ஊர். அங்கே வேலையில் இருந்த என் மாமா அந்தக் கோலைப் பற்றி எழுதிய கடிதத்தில்தான் சத்யன் பெயரை முதலில் படித்தேன்.

கேரள போலீஸ் அணி 1990, 1991 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனதே, அந்த அணியில் ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலியோடு இவர். 1992இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் டிராஃபி நடந்தபோது கேரளத்தின் கேப்டன் இவர்தான். 1973க்குப் பிறகு கேரளம் அந்தக் கோப்பையைப் பார்த்தது அப்போதுதான். (1973இல் ஜெயித்த கேரள அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே சைமன் சுந்தர்ராஜ்.) கல்கத்தா கிளப்புகளிலும் ஆடிவிட்டு, கடைசியில் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானதும், வி. கிருஷ்ணசாமி ஐயரும் நம் செட்டிநாட்டுப் பெரியவர்களும் சேர்ந்து 1907இல் தொடங்கிய வங்கி அது. நம்ம பக்கத்துப் பணத்தில் பிறந்த வங்கியின் சட்டையைச் சத்யன் போட்டார் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன், குரோம்பேட்டையில் குடியிருந்தேன். நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து இறுதி ஆட்டம், இந்தியா, பங்களாதேஷ். ஆபீசில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, நம் கல்லூரி நண்பன் ஒருவனோடு போனேன். கல்லூரி அணியில் ரைட் விங் ஆடியவன். சபீர் பாஷா போட்ட ஒரே கோல். நம்ம சென்னைப் பையன். அதற்குப் பிறகு அந்த ஒரு கோலைக் காப்பாற்ற வேண்டுமே! பங்களாதேஷ்காரர்கள் மேலே மேலே வந்தார்கள். சத்யன் கையை நீட்டி ஆட்களை இங்கே வா, அங்கே போ என்று நிறுத்திக்கொண்டே இருந்தார். பந்து இல்லாத நேரத்தில்தான் அவரைப் பார்க்க வேண்டும். என் நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஆளையே பார்றா, பந்தைப் பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விசில் அடித்ததும் நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு கத்தினோம். இரண்டு பேருக்கும் வயசு முப்பத்தைந்துக்கு மேல், கேவலமாகத்தான் இருந்திருக்கும். சத்யன் தலைமையில் தங்கம். இரண்டு மாதம் கழித்து, 1996 பிப்ரவரியில், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94ஆவது இடத்துக்கு வந்தது. இன்று வரை நாம் தொட்ட மிக உயர்ந்த இடம் அதுதான்.

காலில் பட்ட காயங்கள் அவரை ஆடிய காலம் முழுக்கத் துரத்தின. ஓய்ந்த பிறகு இந்தியன் வங்கி அணிக்கே பயிற்சியாளர் ஆனார். மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

2006 ஜூலை 9இல் பெர்லினில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஜிடான் இத்தாலிக்காரரைத் தலையால் முட்டி வெளியே அனுப்பப்பட்டாரே, அந்த ஆட்டம். ஆபீசில் பத்து நாளைக்கு அதே பேச்சு. இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் கடைசி நாளில் இப்படிப் பண்ணிவிட்டானே, அவன் மனசில் என்ன இருந்ததோ என்று நான்கூட டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நீட்டி முழக்கினேன். ஜூலை 19ஆம் தேதி காலையில் ரயிலில் பக்கத்தில் இருந்தவர் பேப்பரைப் புரட்டும்போது எட்டிப் பார்த்தேன். முன்னாள் இந்தியக் கேப்டன் சத்யன், முந்தின நாள் பல்லாவரம் ரயில் நிலையத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41.

பல்லாவரம் எங்கள் குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி அங்கே நின்று, ஆட்கள் ஏறி இறங்கி, கிளம்பிவிட்டது. நான் தினமும் போய்வந்த அதே வழி. எத்தனையோ சாயங்காலம் அவர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இருந்திருப்பார். ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்தியவன், எதிரே உட்கார்ந்திருந்தால் அடையாளம் கண்டிருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், கண்டிருக்க மாட்டேன். ஜிடான் மனசில் என்ன இருந்தது என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தேன்.

சத்யனைப் பற்றி 'கேப்டன்' என்று மலையாளத்தில் 2018இல் படம் வந்தது. ஜெயசூர்யா நடித்தார். ரஹீம் சாஹிப்பைப் பற்றி 'மைதான்' 2024இல் வந்தது, அதாவது அவர் இறந்து 61 வருஷம் கழித்து. இரண்டையும் பார்த்தேன், இரண்டிலும் அழுதேன். படம் பார்த்து அழுவதற்கு நாம் எப்போதும் தயார்தான்.

ரிட்டையர் ஆகிச் சாக்கோட்டைக்கே திரும்பிவிட்டேன். போன மாதம் ஒரு வேலையாகக் கல்லூரிக்கு வந்தபோது உடற்கல்வி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் அணியின் குரூப் போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறது. கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, கீழே எழுதியிருந்த பெயர்கள் போய்விட்டன. முகங்கள் மட்டும் இருக்கின்றன. நேரு ஸ்டேடியத்துக்கு என்னோடு வந்த ரைட் விங் அதில் உட்கார்ந்த வரிசையில் இடமிருந்து நாலாவது. எங்கள் அணியில் நிஜமான ஆட்டக்காரன் அவன் ஒருவன்தான். வேலை சரியாக அமையவில்லை, குடும்பத்திலும் கஷ்டம். சத்யன் செய்தி வந்த அன்று அவனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தேன், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு அவன் நம்பர் மாறிவிட்டது. கடைசியாகத் திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதுவும் பல வருஷத்துக்கு முன்னால்.

அந்தப் போட்டோவைச் செல்போனில் எடுத்து வந்திருக்கிறேன். சங்கமத்தன்று மைதானத்துக்குப் பக்கத்திலேயே, வேப்பமரத்தடியில் இருப்பேன். பெயர் தெரிந்தவர்கள் வந்து சொன்னால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். நாலாவது ஆள் எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால், சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிடுங்கள்.