தண்ணியில்லாக் காடு: ஓர் இடமாற்ற ஆணையின் வரலாறு



நம் ஊர் அரசு அலுவலகங்களில் பழைய மிரட்டல் ஒன்று உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." இதைச் சொல்லாத மேலதிகாரியும் குறைவு, கேட்காத ஊழியரும் குறைவு. வேலையைப் பறிக்க வேண்டுமானால் விசாரணை வைக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். ஊரை மாற்ற ஒரு தாள் போதும். நிர்வாக நலன் கருதி என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சமூகமே எப்படிக் காணாமல் போக முடியும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நடந்த இடம் அமெரிக்கா. அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறக்காமலே இந்தக் கதையைக் கேட்போம்.

1913-லிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு ஜூலையில் 22 வயது இளைஞராக அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் வந்திறங்கினார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க. அதே ஆண்டு மார்ச்சில் உட்ரோ வில்சன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். ஏப்ரல் மாதம் அமைச்சரவைக் கூட்டத்தில் அஞ்சல் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்ல்சன் ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்வது சரியில்லை என்றார். வில்சன் தடுக்கவில்லை. சில மாதங்களுக்குள் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் மேசைகளுக்கு நடுவே தடுப்புத் திரைகள் எழுந்தன. கழிப்பறை தனி, உணவறை தனி. பல ஆண்டுகள் உழைத்து மேலே வந்த கறுப்பின எழுத்தர்கள் பலர் கீழ்ப்பணிக்குத் தள்ளப்பட்டார்கள்.

1914-இல் இன்னொரு விதி வந்தது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் புகைப்படம் ஒட்ட வேண்டும். விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை, ஆனால் படத்தில் நிறம் தெரியும். 1883-ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டம் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வரும் வழியைத் திறந்திருந்தது. அந்த வழியை ஒரு சின்னப் படம் அடைத்தது.

இதை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கே போனவர் வில்லியம் மன்ரோ டிராட்டர், பாஸ்டன் நகரின் கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர். 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்தவர். 1914 நவம்பரில் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டார். உரசலைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு, உங்கள் நன்மைக்குத்தான் என்றார் வில்சன். டிராட்டர் விடவில்லை. அவர் பேசிய தொனி பிடிக்காமல், இனி உங்கள் அமைப்பு என்னைப் பார்க்க வேண்டுமானால் வேறு ஆளை அனுப்புங்கள் என்று வில்சன் சொல்லிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கேட்ட விதம் குற்றமாயிற்று. நமக்குத் தெரியாத அனுபவமா இது?

அந்தத் திரைகளைக் கிழிக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. 1941-இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், வாஷிங்டன் நோக்கிப் பெரும் பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார். பேரணி நடக்கும் முன்பே ரூஸ்வெல்ட் 8802-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் அரசுப் பணியிலும் நிறப் பாகுபாடு கூடாது என்றது அது. பிறகு குடியுரிமைப் போராட்டங்கள், 1964-ஆம் ஆண்டுச் சட்டம். இப்படிப் படிப்படியாக அரசு வேலை கறுப்பின மக்களின் ஏணியாயிற்று. தனியார் முதலாளி முகம் பார்ப்பான், அரசுத் தேர்வு மதிப்பெண் பார்க்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஓவர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, அரசு அலுவலகத்தில் சேர்ந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களால் வாஷிங்டனும் அதை ஒட்டிய மேரிலாண்டுப் பகுதியும் நிறைந்தன.

இப்போது 2019-க்கு வருவோம். அந்த ஆண்டு இரண்டு இடமாற்றங்கள் நடந்தன.

முதலாவது வேளாண் துறையில். பொருளாதார ஆய்வுப் பிரிவு ஒன்று, வேளாண் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் நிறுவனம் ஒன்று. இரண்டிலுமாக ஏறத்தாழ 550 பணியிடங்கள் கான்சாஸ் நகருக்குப் போகும் என்று ஜூன் 13 அன்று துறைச் செயலர் சன்னி பெர்டியூ அறிவித்தார். அவர் பேசும்போது ஊழியர்கள் சிலர் எழுந்து அவருக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஆய்வுப் பிரிவினர் அதற்கு முந்தைய மாதம்தான் 138-க்கு 4 என்ற வாக்கில் சங்கம் அமைத்திருந்தார்கள். முடிவு சொல்ல ஜூலை 15 வரை அவகாசம். ஒரு மாதம்தான். பெரும்பான்மையோர் வர மறுத்தார்கள். ஆகஸ்டில், வெள்ளை மாளிகையின் பொறுப்புத் தலைமை அலுவலர் மிக் மல்வேனி ஒரு கட்சிக் கூட்டத்தில் உண்மையை உடைத்தார். அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்குவது கடினம், ஊரை மாற்றினால் தாமாகவே போய்விடுகிறார்கள் என்ற பொருளில் பெருமையாகப் பேசினார். தண்ணியில்லாக் காட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டுமா?

இரண்டாவது உள்துறையில். ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பொது நிலத்தை நிர்வகிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் தலைமையகம் கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் போகும் என்றார்கள். அலுவலகத்துக்குப் பிடித்த கட்டடத்தில் எண்ணெய் நிறுவனங்களும் குடியிருந்தன. வாஷிங்டனிலிருந்து வெளியேற்றப்பட்ட பணியிடங்கள் 328. இடம் மாறிப் போனவர்கள் 41 பேர். அந்த 41 பேரில் கிராண்ட் ஜங்ஷனுக்கே போனவர்கள் 3 பேர். மற்றவர்கள் ஓய்வு பெற்றார்கள், அல்லது வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இரண்டையும் ஆராய்ந்தது. நிலப் பணியகத் தலைமையகத்தில் கறுப்பின ஊழியர்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வேளாண் துறையின் இரு நிறுவனங்களிலும் காலியிடங்களைப் பின்னர் பெருமளவு நிரப்பினார்கள். ஆனால் கறுப்பின ஊழியர்களின் பங்கு பெரிதும் சரிந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அனுபவமும் குறைவு.

1913-இல் திரை கட்டினார்கள், அது கண்ணுக்குத் தெரிந்தது, டிராட்டர் போய்க் கேட்க முடிந்தது. 2019-இன் ஆணையில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே தேதி. பிறகு ஏன் கறுப்பினத்தவர் அதிகம் உதிர்ந்தார்கள்? முதல் காரணம், அவர்கள் வேர் பிடித்திருந்த நகரத்திலிருந்துதான் வேலை பிடுங்கப்பட்டது. பல தலைமுறை ஒதுக்கலுக்குப் பிறகு ஒரு சமூகம் ஓரிடத்தில் வேர் பிடிக்கும்போது அங்கே வீடு மட்டும் இருப்பதில்லை. வயதான தாய், துணைவரின் வேலை, தேவாலயம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அத்தை எல்லாம் அங்கேதான். கறுப்பின மக்கள் மிகச் சிலரே வாழும் மலையோர ஊரில் இவற்றில் எது கிடைக்கும்?

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிலம் மேற்கில் இருக்கிறது, அதிகாரி கிழக்கில் இருக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தலைநகரமே எல்லாம் என்பதை அண்ணலும் ஏற்கவில்லை. 1955-இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில், டெல்லி தென்னாட்டு மக்களுக்குத் தொலைவு, ஐதராபாத் இரண்டாவது தலைநகராக வேண்டும் என்று வாதிட்டார். நாம் தண்ணியில்லாக் காடு என்று கேலியாகச் சொல்லும் ஊர்களிலும் நம் மக்கள்தானே வாழ்கிறார்கள்? அவர்களுக்கு அருகில் அரசு வருவது நல்லது. ஆனால் மக்களுக்கு அருகில் போவது வேறு, ஊழியரைத் துரத்தப் போவது வேறு. கிராண்ட் ஜங்ஷனும் அதற்குச் சாட்சி. 1881-இல் யூட் பழங்குடி மக்களை ராணுவத்தைக் கொண்டு வெளியேற்றிய கையோடு குடியேறிகள் அமைத்த ஊர் அது. அங்கே அலுவலகம் போனபோது அந்த மக்களின் நிலவுரிமைக்காகப் போகவில்லை.

2021 செப்டம்பரில், அமெரிக்க அமைச்சரவையின் முதல் பழங்குடிப் பெண்ணான உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட், தலைமையகம் வாஷிங்டனுக்குத் திரும்பும் என்று அறிவித்தார். பெயர்ப்பலகை திரும்பியது. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. 2025 ஜூலையில் வேளாண் துறை மறுபடி அறிவித்தது: தலைநகர்ப் பகுதியில் இருக்கும் ஏறத்தாழ 4,600 ஊழியரில் இனி 2,000 பேருக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது, மற்றவர்கள் ஐந்து நகரங்களுக்குப் போக வேண்டும்.

தோழர்களே, இந்தக் கதையில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1917-ஐ நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். வேலை இருந்தது, வீடு இல்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தார்கள். வெளியேறு என்றார்கள். நண்பர்களிடம் கேட்டார், அவர்களும் இடம் தரவில்லை. பொதுப் பூங்காவில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அவரை வேலையைவிட்டு யாரும் நீக்கவில்லை. ஊர் நீக்கியது.

அதே அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, 1943-இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. இடஒதுக்கீடு நாற்காலியைக் கொடுக்கும். அந்த நாற்காலியை எந்த ஊரில் போடுவது என்பதை இடமாற்ற ஆணை முடிவு செய்யும். புது ஊரில் நம் ஊழியர் வாடகைக்கு வீடு கேட்கும்போது முதலில் வரும் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். பரோடா முடிந்துபோன கதையல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் உண்மை வெளிவந்தது, போனவர் எத்தனை, நின்றவர் எத்தனை, அவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்ததால்தான். நம்மிடம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு இடமாற்றங்கள் எத்தனை, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், எவ்வளவு தொலைவு, எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். நிர்வாக நலன் என்ற அந்த ஒரு வரிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தக் கணக்கை நீங்கள் வாசிக்க வேண்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜெய் பீம்.